முதலில் யாரிடம்

ஜூன் 5, திங்கள்

வக்கீல் நாச்சிமுத்து எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கு எழுதுகிற பழக்கம் கிடையாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கத்தான் தெரியும்.

"பிள்ளையோட இருக்கற மூணு நாளும் எங்க கூட்டிட்டுப் போனீங்க, என்ன வாங்கிக் குடுத்தீங்க, அவ என்ன சொன்னா, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க பூபதி. கோர்ட்டுல கேட்டா டக்குனு எடுத்து நீட்டலாம்" என்றார்.

நானும் மேகலாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் நாமக்கல்லில். அவள் மகளோடு ராசிபுரத்தில், அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில். மகள் மிருதுளாவுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவள் யாரிடம் வளர வேண்டும் என்று முடிவாக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை நீதிபதி அம்மா அவளைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டு, அம்மாவா அப்பாவா என்று கேட்பார். இந்த வயதுப் பிள்ளை சொல்வதற்கு நல்ல மதிப்பு உண்டாம். அதற்கு முன்னால் செவ்வாயிலிருந்து வியாழன் வரை என்னோடு இருக்க உத்தரவு. சனி ஞாயிறில் பரதநாட்டியம், இந்தி டியூஷன் என்று மேகலா தரப்பில் முட்டுக்கட்டை போட்டுவிட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று. நடுவாரத்தில் கொல்லிமலையில் கூட்டம் இருக்காது. ஏரிக்கரையில் கூடாரம், பக்கத்தில் அருவிகள், நானும் அவளும் மட்டும்.

"வாய் திறந்து எதையும் கேட்டுடாதீங்க. பிள்ளை சந்தோஷமா இருந்தாலே போதும், தானா சொல்லிரும்" என்றார் வக்கீல். நான் எதற்குக் கேட்கப் போகிறேன்?

வாங்கியவை: அருவியில் குளிக்க அவளுக்கு மஞ்சள் டி-ஷர்ட்டும் வெள்ளை டிராக் பேன்ட்டும். டார்ச் லைட். ரப்பர் செருப்பு. அவளுக்குப் பிடித்த பொரி உருண்டை. வண்டிக்கு எண்ணெய் பார்த்து, நான்கு டயருக்கும் காற்றுப் பிடித்து, ஸ்டெப்னிக்கும் பிடித்து, மறுபடியும் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

ராசிபுரத்தில் மேகலா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளவும்.

மிருது பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். மேகலா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளா இடுப்பு வலிக்குதுங்கறா. ரொம்ப நேரம் தண்ணில நிக்க விடாதீங்க. முடியலைன்னா உடனே எனக்குப் போன் பண்ணுங்க."

சரி என்று தலையாட்டினேன். மூன்று நாள் என்னுடையது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்போதும் வாசலில் நின்று சட்டம் பேசாமல் அனுப்ப அவளால் முடியாது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. எனக்கு இதைவிடப் பிடித்த சாலை தமிழ்நாட்டில் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் எந்த கியர், எங்கே ஹாரன், ஏறுகிற வண்டிக்கு ஏன் வழிவிட வேண்டும் என்று மிருதுவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"வாந்தி வருதா சாமி?"

"இல்லப்பா."

"பசிக்குதா?"

"இல்லப்பா."

"பின்ன ஏன் பேசவே மாட்டேங்கற?"

"பேசறேனேப்பா."

கற்றுக்கொடுக்கிற காரில் எங்களுக்கு இடது பக்கம் ஒரு பிரேக் தனியாக உண்டு. பழகுகிறவர் தப்புப் பண்ணினால் நாங்கள் மிதிப்போம். இன்றைக்கு ஸ்டியரிங் என் கையில் இருந்தும் அந்த பிரேக் அவள் காலடியில் இருப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

செம்மேட்டைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ஏரி. கரையில் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி. கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிற ஜெகன் என்னிடம் லைசென்ஸ் எடுத்தவன். எட்டுப் போடும்போது மூன்று தடவை காலை ஊன்றியவன்.

"வாங்க மாஸ்டர். நடுவாரத்துல வந்தீங்க பாருங்க, ஏரியே உங்களுதுதான்" என்றான். அவன் மனைவி மல்லிகாதான் சமையல். இந்த இரண்டு பேரையும் எங்களையும் தவிர வேறு ஆள் இல்லை.

மத்தியானம் மிதி படகில் போனோம். மிருது நன்றாகவே மிதித்தாள். திடீரென்று போதும் கரைக்குப் போகலாம் என்றாள். கரை சேர்ந்ததும் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு நேரே பாத்ரூமுக்கு ஓடினாள். வந்ததும் கேட்டேன்.

"இடம் புடிச்சிருக்கா?"

"சூப்பரா இருக்குப்பா."

இந்த வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டில் உன் அறைக்கு ஏசி போட்டாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை வாங்கலாம் என்றும் கேட்டேன். அது வேறு கேள்வி.

ஜூன் 7, புதன், காலை

பாத்ரூமுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. மூன்றாவது தடவை. குடிக்க என்ன தண்ணீர் கொடுத்தாய் என்று ஜெகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவன் நான்கு டம்ளர் குடித்துக் காட்டினான்.

புதன், மதியம்

இதை வக்கீல் கவனமாகப் படிக்க வேண்டும்.

மாசிலா அருவிக்குப் போனோம். ஆள் நடமாட்டமே இல்லை. உயரம் குறைவு, வேகமும் இல்லை, குழந்தைகள்கூட நிற்கலாம். நான் வாங்கி வந்த வெள்ளை பேன்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்று அவளுடைய கறுப்புச் சுடிதாரிலேயே வந்தாள். சரி, உடுப்பு அவள் இஷ்டம். தண்ணீருக்காவது வா என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறாள். பாறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் பனியனோடு அருவியில் நின்றுகொண்டு, "சில்லுனு இருக்கு வா, சும்மா தலையை மட்டும் காட்டு வா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் கையாட்டினாள். பஸ் ஏற்றிவிட வந்தவர்கள் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

தண்ணீரில் நிற்க விடாதீர்கள் என்று மேகலா வாசலில் சொன்னது எனக்குச் சொன்னதே இல்லை. பிள்ளைக்குச் சொன்னது. என்னோடு சந்தோஷமாக இருக்கக் கூடாது என்று பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறாள்.

அங்கிருந்து ஆகாய கங்கை. அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் படி இறங்க வேண்டும். முதலில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கலாம் என்றேன். மிருது கோயில் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் உள்ள வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க."

"ஏன்?"

தரையைப் பார்க்கிறாள். என் மேல்தான் கோபம் என்றால் சாமி என்ன பண்ணினார்? நான் தனியாகப் போய் வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன். படி இறங்கலாம் வா என்றால் கால் வலிக்கிறதாம்.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"உங்கம்மா என்ன சொல்லி அனுப்பினா? அப்பா எங்க கூட்டிட்டுப் போனாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கன்னு சொன்னாளா?"

தேங்காய்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். மிருதுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இப்போது பின் சீட்டில் சுருண்டு படுத்திருக்கிறாள். நான் பானெட் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் மனதை எவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புதன், சாயங்காலம்

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கும் ஒரு சாட்சி வேண்டும்.

திரும்பி வரும் வழியில் மிருது வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"என்ன சாமி, வாந்தியா?"

"இல்லப்பா. சீட்டுல பட்டுருச்சு. திட்டாதீங்க."

என்ன பட்டது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் பையால் மறைத்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதும் எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன், மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன்.

"எப்ப இருந்துடா?"

"நேத்து படகுல போனோமே, அப்ப இருந்து."

"அப்பவே ஏன் சொல்லல?"

அவள் அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சொன்னா உடனே வீட்டுக்குப் போலாம்பீங்க. மூணு நாளும் கெட்டுப்போச்சு, அம்மாதான் கெடுத்துச்சுன்னு ஜட்ஜ்கிட்டச் சொல்வீங்க. அம்மாவுக்குச் சொன்னா மாமாவைக் கூட்டிட்டு இங்கயே வந்துரும். அப்புறம் ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு சண்டை போடுவீங்க. அதான் வியாழக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு இருந்தரலாம்னு பாத்தேன்."

டிஷ்யூ பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சமாளித்திருக்கிறாள். நான் அவளை அருவியில் நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். கோயில் வாசலில் வைத்து ஏன் ஏன் என்று கேட்டிருக்கிறேன். தேங்காய்க் கடைக்காரருக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. என் வாயை நானே அறைந்துகொண்டால் தேவலை என்று இருந்தது.

அவளை மல்லிகாவிடம் விட்டுவிட்டு செம்மேட்டு மெடிக்கலுக்கு ஓடினேன்.

"பேடு வேணுங்க."

"எந்த சைஸ்ங்க சார்?"

"பன்னெண்டு வயசு."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வயசு வெச்சுத் தர்றதில்லைங்க."

எல்லாவற்றிலும் ஒன்று கொடுக்கச் சொன்னேன். அவர் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவரின் வாயையும் முடிச்சுப் போட்டுத் தந்தார். வெந்நீர்ப் பை, சாக்லேட், இரண்டு நைட்டி. நைட்டி பெரியவர்கள் அளவு. அதைப் போட்டுக்கொண்டு மிருது கூடாரத்து வாசலில் நின்றபோது இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. இந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சேதி முதலில் அம்மாவுக்குத்தான் போகும். பிறகு தாய்மாமனுக்கு, பிறகு அத்தைமார்களுக்கு. ஊரெல்லாம் தெரிந்த பிறகு அப்பனுக்குச் சொல்வார்கள். சடங்கு செய்து தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை ஆம்பளைகள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டார்கள். என் தங்கச்சி பெரிய மனுஷி ஆனபோது எங்கள் அப்பாவை என்ன ஏது என்று சொல்லாமலே தோட்டத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான்தான் பார்த்தேன், நான்தான் ஓடினேன். ஏரிக்கரையில் நடந்து நடந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு மிருது கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு உதவி. உங்ககிட்ட மொதல்ல சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இப்பப் போன் போட்டுத் தாங்க, நான் அம்மாகிட்டயே சொல்றேன். மொதல்ல தன்கிட்டத்தான் சொன்னேன்னு அம்மா நெனச்சுக்கட்டும். இல்லன்னா அழும்."

"பொய் சொல்லணுமா சாமி?"

"சின்னப் பொய்தான்ப்பா. அப்புறம் இன்னொண்ணு. வயசுக்கு வந்ததுக்குத் திரட்டிச் சீர் வெக்கணும்னு மாமா நிக்கும். மண்டபம், நகை, என் போட்டோ போட்டு ரோட்டுல பிளக்ஸ். என் கிளாஸ் பசங்க பாப்பாங்க. எனக்கு வேண்டவே வேண்டாம்."

"அப்பா இருக்கறேன், ஒரு பிளக்ஸும் வராது" என்றேன்.

போனில் அவள் அம்மாவிடம் பேசியதைக் கேட்டேன். "அம்மா, இப்பத்தான்மா... இல்லம்மா, அப்பாவுக்கு இன்னும் தெரியாது... உன்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்." குரல் எங்கும் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் மேகலா ஓவென்று அழுவது எனக்கே கேட்டது. காலையில் முதல் பஸ்ஸுக்கு வருகிறாளாம். வியாழக்கிழமை என்னுடைய நாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய் வர வேண்டாத இடத்தில் வந்துவிட்டது. சும்மா உட்கார முடியாமல் வக்கீலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்படிப் போடுங்க! பெத்த தாய்கிட்டச் சொல்லாம தகப்பன்கிட்டச் சொல்லிருக்குது. அந்தம்மா மேல பிள்ளைக்கு நம்பிக்கை இல்லன்னு ஒரே போடாப் போட்டரலாம். வெள்ளிக்கிழமை நான் பாத்துக்கறேன். நீங்க தூங்குங்க பூபதி."

ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன். படுத்த பிறகு அது நெஞ்சிலேயே நின்றது.

ஜூன் 8, வியாழன்

செம்மேடு பஸ் நிலையத்தில் போய் மேகலாவைக் கூட்டிக்கொண்டேன். கையில் தூக்குப் போசி, ஒரு கட்டைப் பை. அண்ணனைக் கூட்டி வரவில்லை. முன் சீட்டில் உட்காரமாட்டாள் என்று தெரியும். பின் கதவைத் திறந்தவள் நின்றாள்.

"சீட் கவர் எங்க?"

"தொவைச்சுக் காயப் போட்டிருக்கேன்."

"நீங்களா தொவைச்சீங்க?"

"ஆமா."

ஏறி உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கண்ணாடியில் பார்த்தேன். அவளும் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு முன்னாடியே தெரியும், என் மகள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? இரண்டு வருடமாக அவள் என்னிடம் சொன்னதற்கெல்லாம் சேர்த்து ஒரே வாயில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நாக்கு நுனியில் நின்றது.

"அவ உன்கிட்டப் பேசிட்டு வந்து சொன்னா. அதுக்கப்புறந்தான் பாத்தேன்."

மேகலா முகத்தில் ஒரு வெளிச்சம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. இருந்தும் என்னைத்தான் தேடிருக்கா பாருங்க."

"ம்" என்றேன். கியரை மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றினேன்.

அம்மாவைப் பார்த்ததும் மிருது கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. மேகலா கூடாரத்துக்குள்ளேயே அவள் தலையைப் பின்னி, பூ வைத்து, தூக்குப் போசியில் கொண்டுவந்த உளுந்தங்களியில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு உருண்டை இலையில் வந்தது. மூன்று பேரும் ஏரியைப் பார்த்தபடி சாப்பிட்டோம். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று நான் நினைத்தேன். மேகலாவும் நினைத்திருப்பாள். ஜெகன் தூரத்தில் நின்று போட்டோ எடுக்கட்டுமா என்று சைகையில் கேட்டான். வேண்டாம் என்று முறைத்தேன்.

சாப்பிட்ட பிறகு கூடாரத்துக்குப் பின்னால் சீட் கவரை எடுக்கப் போனேன். உள்ளே பேசுவது கேட்டது. துணிச்சுவர்தானே.

"இந்தக் குளுர்ல கொண்டாந்து வெச்சிருக்காரே, கொஞ்சமாச்சும் புத்தி வேணாமா? உனக்கு எப்படி இருந்துச்சு பாப்பா?"

"ஒண்ணுமே நல்லாயில்லம்மா. தூங்கவே முடியல. உன் ஞாபகமாவே இருந்துச்சு."

"மாமாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். சீரு ஜாம்ஜாம்னு செஞ்சரலாம்ங்கறாரு. பெரிய மண்டபமாப் பாத்துட்டு இருக்காரு. உனக்குச் சந்தோஷமா?"

"ம், சந்தோஷம்மா."

சீட் கவர் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூப்பரா இருக்குப்பா என்று செவ்வாய்க்கிழமை சொன்னாளே, நான் அடிக்கோடு வேறு போட்டேனே, அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒன்றுதான். ஒரு மாற்றமும் இல்லை. மேகலாவிடம் மேகலாவுக்குப் பிடித்தது, என்னிடம் எனக்குப் பிடித்தது. பரிமாறுகிறவர்கள் இலை இலையாகப் பார்த்து வைப்பார்களே, அப்படி இரண்டு வருடமாக எங்கள் இருவருக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உண்மையில் இந்த ஏரி பிடித்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நான் கேட்டால் எனக்குப் பிடித்ததைத்தான் சொல்வாள்.

பிறகு மேகலா என்னிடமே சீரைப் பற்றிச் சொன்னாள். "எங்க அண்ணன் மொறை செய்யுது. நீங்களும் வரணும். பாப்பாவுக்கும் ஆசையா இருக்கு." அவள் வேண்டவே வேண்டாம் என்றாள் என்று சொல்ல வாயெடுத்தேன். மேகலாவுக்குப் பின்னால் நின்று மிருது என்னைப் பார்த்தாள். தலையைக்கூட அசைக்கவில்லை. கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"எனக்குப் புடிக்கல. பிளக்ஸ் வெச்சுப் பிள்ளையை ரோட்டுல நிறுத்தற வேலையெல்லாம் எனக்குப் புடிக்காது. வீட்டோட தண்ணி ஊத்துங்க. இது நான் சொல்றது" என்றேன்.

"எப்பவும் நீங்க சொல்றதுதான்" என்று மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை, அந்தப் பழி எனக்கு ஒத்துவரும்.

இரண்டு பேரையும் ராசிபுரத்தில் இறக்கிவிட்டேன். இறங்கும்போது மிருது ஜன்னலருகே வந்து, "நாளைக்குப் பாக்கலாம்ப்பா" என்றாள். நாளைக்கு எங்கே பார்க்கப் போகிறோம் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

நாமக்கல் வந்து வண்டியை நிறுத்தியும் கீழே இறங்கவில்லை. நாளைக்கு அந்த அறைக்குள் அவள் என்ன சொன்னாலும், வெளியே வந்து இன்னொருவருக்கு ஒரு பொய் தயாராக வைத்திருக்க வேண்டும். அதைத்தான் இன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள். இடுப்பு வலியோடு.

ஜூன் 9, வெள்ளி

கோர்ட்டு வராண்டாவில் வக்கீல் புதுச் சட்டையில் வந்திருந்தார்.

"ஸ்டேட்மென்ட்டை எழுதிட்டேன். அந்த மொதல்ல சொன்ன விஷயம்தான் நம்ம துருப்புச் சீட்டு."

"அதைக் கிழிச்சுப் போடுங்க."

"பூபதி, விளையாடாதீங்க."

"கிழிக்கறீங்களா, நான் கிழிக்கட்டுமா?"

அவர் கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேர் கூப்பிட்டதும் மிருதுவை வராண்டாவிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனோம். நான் முன்னால் போய் நின்று, பிள்ளையைக் கூப்பிடுவதற்குள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள் என்றார். மேகலாவும் அவள் வக்கீலும் இதில் என்ன சூழ்ச்சி என்று பார்த்தார்கள்.

"அவகிட்டக் கேக்காதீங்க மேடம். அவ அம்மாகிட்டயே இருக்கட்டும். ஸ்கூலும் அங்கதான். நான் இப்பப் பாக்கற மாதிரி பாத்துக்கறேன்."

"அப்ப உங்களுக்குப் பிள்ளை வேண்டாமா?"

"வேணுங்க மேடம்." அவ்வளவு பேருக்கு முன்னால் அழுதேன். "வேணும். ஆனா எங்க ரெண்டு பேருக்கும் புடிச்சதையே சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிருச்சுங்க. இன்னிக்குக் கேட்டீங்கன்னா உங்களுக்கும் புடிச்ச மாதிரி ஒண்ணு சொல்லுவா. அதை அவ வாழ்நாள் பூரா மறைக்கணும். அது வேண்டாங்க."

நீதிபதி அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு மேகலாவைப் பார்த்து, சனி ஞாயிறிலும் விடுமுறையிலும் அப்பாவிடம் அனுப்புவதற்குத் தடை உண்டா என்று கேட்டார். மேகலா என்னைப் பார்த்தாள். பரதநாட்டியம் பற்றி அவள் வக்கீல் ஆரம்பித்ததைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தடையில்லைங்க மேடம்" என்றாள்.

இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். வராண்டா பெஞ்சியில் மிருது உட்கார்ந்திருந்தாள். உன்னைக் கூப்பிட மாட்டார்கள், எல்லாம் முடிந்துவிட்டது, அம்மா வீட்டில்தான் இருக்கப் போகிறாய் என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். நான் எதிர்பார்த்த நிம்மதி அந்த முகத்தில் வரவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் குனியச் சொன்னாள். காதோடு சொன்னாள்.

"நான் உங்க பேரைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்ப்பா."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். திரும்பி உள்ளே ஓடி எல்லாவற்றையும் அடித்து எழுதுங்கள் என்று கத்தலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

அதற்குள் அவள் மேகலாவிடம் போய்விட்டாள். அவளையும் குனியச் சொல்லி, அவள் காதிலும் ஏதோ சொன்னாள். மேகலா அவளை அப்படியே அள்ளிக் கட்டிக்கொண்டு அழுதாள். மேகலாவின் தோளுக்கு மேலே மிருதுவின் முகம் தெரிந்தது. எனக்கு இவ்வளவு, அம்மாவுக்கு இவ்வளவு என்று சரியாகப் பங்கு வைத்துவிட்டவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று அவளை நான் என்றைக்கும் கேட்க மாட்டேன்.